கப்பல் பெட்டியில் எதற்கு இடம்? கெட்டிலா ஃபிளாஸ்க்கா, கயிறா காந்தக் கொக்கியா

நான்கு பேர், ஒரே அறை, சுமார் 150 சதுர அடி. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கீழே இரண்டு கட்டில், மேலே சுவரிலிருந்து இறங்கும் இரண்டு படுக்கை, ஒரு குட்டி மேசை, கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும் குளியலறை. ஜன்னல் கிடையாது. நானும் கணவரும், பத்து வயது மகன், எழுபதைத் தாண்டிய அத்தை. முதல் முறை போனபோது பெட்டி நிறையத் துணி கொண்டுபோனோம். அடுத்த வருடம் இன்னொரு கப்பலில் போனபோது துணி பாதியாகி, அந்த இடத்தில் யாரும் எதிர்பார்க்காத சில சாமான்கள் வந்து உட்கார்ந்தன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறு ஏதாவது ஒன்று போட்டிக்கு நிற்கும். எதை எடுப்பது, எதை வீட்டிலேயே விடுவது என்பதுதான் கேள்வி.

பெட்டி கட்ட உட்காரும் முன் நான்கு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் பிளக் பாயிண்ட் குறைவு. சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. வெந்நீருக்குப் பஞ்சமே இல்லை. நெருப்புக்கும் சூடாகும் கம்பிக்கும் கப்பலில் இடமே இல்லை. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு வேறு இடம் கிடையாது என்பதால், அந்த விதியில் யாரும் தளர்வு காட்ட மாட்டார்கள்.

முதலில் கெட்டில். நம் வீடுகளில் வெளியூர் போவதென்றால் எலக்ட்ரிக் கெட்டில் முதலில் பெட்டிக்குள் போய்விடும். அத்தைக்குக் காலை ஐந்து மணிக்குக் காபி வேண்டும், அதனால் நாங்களும் எடுத்துப் போனோம். ஏறும்போது ஸ்கேனரில் பார்த்து, ரசீது போட்டு எடுத்து வைத்துக்கொண்டார்கள். இறங்கும் நாளில்தான் கைக்கு வந்தது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஸ்டீமர், இம்மர்ஷன் ராடு, குட்டி ரைஸ் குக்கர் எல்லாமே பெரும்பாலான கப்பல்களின் தடைப் பட்டியலில் உண்டு. சில கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள், அதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது முறை கெட்டிலுக்குப் பதில் ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க்கும், இரண்டு பேருக்கான சின்ன காபி ஃபில்டரும் எடுத்துப் போனோம். இரவு படுக்கப் போகும் முன் பஃபே பக்கம் போய், அங்கிருக்கும் வெந்நீர் மெஷினில் கப்பில் பிடித்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்வேன். பாட்டிலை நேராகக் குழாயின் வாயில் வைத்துப் பிடிக்க விடமாட்டார்கள், சுத்தத்துக்காக. கப்பில் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும். அறைக்கு வந்ததும் ஃபில்டரில் நான்கு ஸ்பூன் பொடி போட்டு, அமுக்கி, சூடு ஆறுவதற்குள் தண்ணீரை விட்டு மூடிவிட்டால், சொட்டுச் சொட்டாக இறங்கி விடிவதற்குள் டிகாக்ஷன் தயார். காலையில் திறந்தவுடனே பஃபேயில் ஒரு டம்ளர் சூடான பால் கேட்டு வாங்கி வருவார் கணவர். கரண்டே வேண்டாம். ஜன்னலில்லாத அந்த இரும்பு அறைக்குள் காபி மணம் நிறைந்ததும் அத்தை எழுந்து உட்கார்ந்து, “நம்மூட்டு மாதிரியே இருக்குது கண்ணு” என்றார். இன்ஸ்டன்ட் காபிப் பொடி இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டர் காபிக்குப் பழகிய பெரியவர் ஒருவர் கூட வருகிறார் என்றால் ஃபில்டரையே எடுங்கள். உள்ளே சாக்ஸைச் சுருட்டி வைத்துவிட்டால் அது தனியாக இடமே பிடிக்காது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நான்கு பேருக்கு நான்கு போன், ஒரு கேமரா, ஒரு பவர் பேங்க். அறையில் இருந்தது இரண்டே பாயிண்ட்: ஒன்று தட்டைப் பின் போகும் அமெரிக்க மாதிரி, இன்னொன்று இரண்டு உருண்டைப் பின் போகும் ஐரோப்பிய மாதிரி. நம் மூன்று பின் பிளக் இரண்டிலும் நுழையாது. இங்கே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தானே வழி என்று தோன்றும். வேண்டாம். அதிலும் சர்ஜ் ப்ரொடெக்டர், அதாவது வோல்டேஜ் திடீரென்று எகிறினால் சாமான்களைக் காக்கும் பாகம், உள்ளே இருக்கும் பாக்ஸைக் கண்டிப்பாக எடுக்காதீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. வீட்டில் நியூட்ரல் கம்பி எர்த்தோடு சேர்ந்திருக்கும். பல கப்பல்களில் கரண்ட் ஓடும் இரண்டு கம்பிகளையுமே கப்பலின் இரும்பு உடம்போடு சேர்க்காமல் தனியாக விட்டிருப்பார்கள். ஒரு கம்பி எங்காவது உடம்பைத் தொட்டுவிட்டாலும் உடனே கரண்ட் போய்விடாமல், இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் அப்படி ஒரு கம்பி தொட்ட நேரத்தில் மற்றக் கம்பிக்கும் உடம்புக்கும் இடையே முழு வோல்டேஜும் ஏறி நிற்கும். சர்ஜ் ப்ரொடெக்டருக்குள் இருக்கும் பாகம் அதைத் தாங்காமல் சூடாகிப் பற்றிக்கொள்ளலாம். அதன் பிரேக்கரும் பல சமயம் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013இல் இதைப் பற்றித் தனியாகவே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாத சாதா பாக்ஸைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில அதையும் எடுத்து வைத்துவிடுகின்றன. ஏறும் இடத்தில் போய் வாதாடுவதில் பயனில்லை.

இந்தப் போட்டியில் நான் ஓட்டுப் போடுவது, நான்கு யூஎஸ்பி ஓட்டை உள்ள, வயர் இல்லாத சுவர் சார்ஜருக்கு. மெல்லிய இரண்டு பின் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஐரோப்பிய பாயிண்டில் அப்படியே நிற்கும். யுனிவர்சல் அடாப்டர் ஒன்றும் எடுத்துக்கொண்டால் அமெரிக்க பாயிண்டும் கைக்கு வரும். பவர் பேங்க்கை மட்டும் விமானத்தில் லக்கேஜில் போடாமல் கையிலேயே வைத்திருங்கள். பொதுவாக 100 வாட்-ஹவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்ஏஹெச் வரை, முன் அனுமதி இல்லாமலே எடுத்துப் போகலாம்.

சரி, துணி. நீச்சல் குளத்திலிருந்து வரும் ஈர டவல், அத்தையின் துவைத்த புடவை, மகனின் ஈர டிரவுசர். இதையெல்லாம் எங்கே போடுவது? கயிறு எடுத்துப் போகலாம், கட்டுவதற்கு ஆணி இல்லை. பசை போட்டு ஒட்டும் கொக்கி சுவரில் கறை விடும், எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். கதவின் மேல் மாட்டும் ஹேங்கர் நல்ல யோசனைதான், ஆனால் கதவிடுக்கு சில அறைகளில் அவ்வளவு குறுகல், அதை மாட்டினால் கதவு சாத்தாது.

ஜெயித்தது காந்தக் கொக்கி. கப்பல் அறையின் சுவர், நடுவில் தீத்தடுப்புக்கான கனிமப் பஞ்சு வைத்து இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்த பலகை. மேலே மர நிறத்தில் தாள் ஒட்டியிருப்பதால் பார்த்தால் தெரியாது. முதல் பயணத்தில் பக்கத்து அறைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்து எங்கள் சுவரில் ‘டக்’ என்று ஒட்டிக் காட்டியபோது மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அடுத்த பயணத்துக்கு எட்டு வாங்கினோம், ஆறே போதுமாக இருந்தது.

இதில் ஒரு விஷயம். ‘பத்து கிலோ தாங்கும்’ என்று கொக்கியின் அட்டையில் போட்டிருப்பது நேராகப் பிடித்து இழுக்கும்போது உள்ள கணக்கு. சுவரில் ஒட்டித் துணி மாட்டினால் பாரம் கீழ்நோக்கி இழுக்கும், அப்போது காந்தம் வழுக்கிக்கொண்டே இறங்கும். நான் கைப்பையை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அது ஒரு சாண் கீழே போயிருந்தது. டவல், தொப்பி, நனைந்த டிரவுசர் வரை சுவர் தாங்கும். கொஞ்சம் கனமானதை மேல்கூரையில் மாட்டுங்கள், அதுவும் பெரும்பாலும் இரும்புதான். எங்கள் அறையில் ஒரு மூலைக்கு மறு மூலை இரண்டு கொக்கியைக் கூரையில் ஒட்டி நைலான் கயிற்றைக் கட்டிப் புடவையைப் போட்டோம், ஏசி காற்றில் காலைக்குள் காய்ந்துவிட்டது. அதனால் கயிறு தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், கொக்கி இருந்தால் கயிறுக்கும் வேலை உண்டு. பெட்டியில் வைக்கும்போது காந்தங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுற்றித் துணி வைத்துவிடுங்கள். ஏடிஎம் கார்டு, அறைச் சாவி அட்டை பக்கம் போகக் கூடாது. அத்தைக்கு பேஸ்மேக்கர் இருந்திருந்தால் இவற்றை வாங்கியே இருக்க மாட்டேன்.

வெளிச்சம். உள் அறையில் விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. நம் வீட்டில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியும், தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக வரும். இங்கே எதுவும் கிடையாது. குளியலறைக் கதவு இருக்கும் இடத்தில் அரை அடி உயரத்துக்கு ஒரு படி வேறு. இரவில் இரண்டு முறையாவது எழும் பெரியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. முதல் முறை குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தோம். கப்பல் அசைய அசையக் கதவு டப் டப் என்று அடித்து யாரும் தூங்கவில்லை. போன் டார்ச்சைத் தலையணைக்கு அடியில் வைத்தால், இருட்டில் அந்தப் போனையே தேட வேண்டியிருக்கிறது.

கார்த்திகைக்குக் கடைகளில் விற்கும் பேட்டரி அகல் விளக்கு ஞாபகம் வந்தது அத்தைக்குத்தான். கப்பலில் தீபம், ஊதுபத்தி, கற்பூரம் எதையும் ஏற்ற முடியாது என்று சொன்னபோது அவருக்கு வருத்தம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் எப்படி? அதற்காக எடுத்து வந்த இரண்டு பேட்டரி அகல்கள், மாலையில் சின்ன மேசையில் முருகன் படத்தின் முன்னால் இருந்தன. படுக்கப் போகும்போது ஒன்று குளியலறைப் படிக்கு மேலே, ஒன்று அத்தையின் தலைமாட்டில். நான்கு இரவும் எரிந்தன. சென்சார் வைத்த இரவு விளக்குகளும் கடையில் கிடைக்கின்றன, ஆனால் பிளக்கில் செருகும் வகை உள்ள ஒரு பாயிண்டையும் பிடித்துக்கொள்ளும். அகலே போதும்.

இனி சொல்லப்போவதைப் பலர் எழுதக் கூச்சப்படுவார்கள். ஆனால் நம்மவர்களுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பயன்படும். பெரும்பாலான கப்பல்களின் கழிவறையில் ஜெட் குழாய் இருக்காது, டிஷ்யூ மட்டும்தான். ஈர டிஷ்யூ பாக்கெட்டா, பிளாஸ்டிக் மக்கா, நாசில் வைத்த பாட்டிலா?

ஈர டிஷ்யூ எளிதாகத் தெரியும், ஆனால் அதை உள்ளே போட்டு ஃபிளஷ் பண்ணவே கூடாது. கப்பலில் இருப்பது காற்றால் உறிஞ்சும் கழிவறை. ஒரு முறைக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர்தான் செலவாகும், குழாயும் ஒல்லி. ஒருவர் போடும் டிஷ்யூ அடைத்தால் அந்த வரிசையில் இருக்கும் பல அறைகளுக்கும் கழிவறை நின்றுபோகும். கரையாத துணி அது. குப்பைக் கூடையில்தான் போட வேண்டும், மூடிய அறையில் அது யாருக்கும் பிடிக்காது. மக் நமக்குப் பழக்கம். ஆனால் அந்தக் குட்டிக் குளியலறையில் கை வாகாக வராது, தரையெல்லாம் தண்ணீர் ஆகும், கப்பல் ஆடும்போது ஈரத் தரை ஆபத்து. அழுத்தினால் பீய்ச்சும் நாசில் பாட்டில் அரை லிட்டர் பிடிக்கும், தண்ணீர் சிந்தாது, ஊரைச் சுற்றப் போகும்போது கைப்பையிலும் போகும். கணவரும் மகனும் முதல் நாளே இதற்கு மாறிவிட்டார்கள். அத்தைக்கு மக்தான் கைப்பழக்கம், அதனால் மடக்கும் சிலிக்கான் மக் ஒன்றும் வந்தது. வயதானவர்களைப் புதுப் பழக்கத்துக்கு மாறச் சொல்லிப் பயணத்தில் சங்கடப்படுத்த வேண்டாம். இரண்டையும் எடுங்கள், சேர்ந்தே கால் கிலோ வராது.

தலைசுற்றல், வாந்தி பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எந்தக் கடல், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது அது. மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை ஏரி போலவே போகும். அதைத் தாண்டி அந்தமான் கடலில், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலை எழுப்பும். சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போகும் கப்பலென்றால் வங்கக் கடல் திறந்த கடல், அங்கே தயாராகவே போக வேண்டும். மலையேறும் பஸ்ஸுக்கு நாம் போடும் அவோமின் மாத்திரை இங்கேயும் வேலை செய்யும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும், நல்ல தூக்கமும் வரும். குழந்தைக்கும், கண் அழுத்தமோ புராஸ்டேட் தொந்தரவோ உள்ளவருக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மணிக்கட்டில் மாட்டும் பட்டை சிலருக்கு நிம்மதி தருகிறது, ஆனால் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. நான் அதற்குப் பணம் போட மாட்டேன். இஞ்சி மொரப்பா ஒரு பாக்கெட், அவோமின் ஒரு அட்டை, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சூயிங் கம் மென்றால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், 1992 முதல் சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரத் தடை.

கைக்கடிகாரம். போன் இருக்கும்போது எதற்கு என்று என் கணவரும் கேட்டார். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பல் உங்கள் போனில் நான்கு மணி காட்டும்போதே கிளம்பிவிடும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று பட்டோங் கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். சில கப்பல்கள் தங்கள் நேரத்தையும் மாற்றும், சில மாற்றாது. தினமும் கொடுக்கும் தாளில் ‘கப்பல் நேரம்’ எது என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து முள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டால் போனை நம்ப வேண்டியதில்லை. சாதாரணக் கடிகாரமே போதும், தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் ஸ்மார்ட் வாட்ச் என்றால் அதே சிக்கல்தான்.

சாப்பாட்டில் ஊறுகாயா பொடியா என்று கேட்டால், பொடி. ஊறுகாய் பாட்டில் விமானத்தில் கசியும், எண்ணெய்க் கறை பட்ட பட்டுப் புடவையைப் பிறகு எதுவும் செய்ய முடியாது. வீட்டில் செய்த சாப்பாட்டைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பருப்புப் பொடிப் பாக்கெட்டை யாரும் தடுக்கவில்லை. பஃபேயில் வெள்ளைச் சோறு எப்போதும் இருந்தது. கசகசா சேர்த்த மசாலா எதையும் எடுக்காதீர்கள், அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. நிறையவும் வேண்டாம். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். இட்லி, வடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அங்கே இருக்கிறது. குவீன் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் அங்கேதான். அதனால் அன்றைக்கு ஷூவுக்குப் பதில் எளிதாகக் கழற்றும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி எதுவாக இருக்கலாம் என்பதிலும் ஒரு போட்டி உண்டு. கெட்டியான பெட்டி நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் விரியும், விரிக்கத் தரை இல்லை. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் துணிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பாதி இழுத்தே வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் மடித்து வைக்கிற மாதிரி ஒரு துணிப்பை கட்டாயம் வேண்டும். ஏறும் நாளில் கப்பல்காரர்கள் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டால் அறைக்கு அது வந்து சேர மாலை ஆகலாம். இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். இந்த இரண்டு இடைவெளியிலும் உங்களிடம் இருப்பது அந்தத் துணிப்பை மட்டும்தான். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்று உடை, குழந்தையின் நீச்சல் உடை, அத்தையின் ஃபிளாஸ்க்கும் ஃபில்டரும் அதில் இருக்கட்டும். கடைசி நாள் காலையிலும் ஐந்து மணிக்குக் காபி வேண்டும்.